அழைக்கப்பட்ட வாசகர்களுக்கு மட்டும்

ஒரு மனிதன் எத்தனை வலைப்பூக்களைப் பின்தொடரலாம் என்று கேட்டால், பன்னிரண்டு என்பேன். அதற்கு மேல் போனால் படிப்பது போலப் பாவனைதான் செய்ய முடியும்.

இதை வாய்க்கு வந்தபடி சொல்லவில்லை. புள்ளியியல் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மாவட்டத்தில் எத்தனை மாடு, எத்தனை ஆடு, எத்தனை கிணறு, அதில் எத்தனை கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது என்று ஊர் ஊராகப் போய் எண்ணியவன். ஓய்வுக்குப் பிறகு எண்ணுவதற்கு யாரும் எதுவும் கொடுக்கவில்லை. வாசலில் நின்று உத்தர வீதியில் போகும் ஆட்டோக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை.

"தெருவுல போறவங்க ஒரு மாதிரியா பாத்துட்டுப் போறாங்க. உள்ள வந்து உக்காருங்க" என்றாள்.

உள்ளே வந்து உட்கார்ந்த இடத்தில் மகன் விட்டுவிட்டுப் போன கம்ப்யூட்டர் இருந்தது.

வலைப்பூ தொடங்கினேன். கோபுரத்தையும் பெருமாளையும் பற்றி எழுத இந்த ஊரில் ஆட்களுக்குக் குறைவில்லை. நான் எழுதியது வேறு. அம்மா மண்டபத்துப் படித்துறையில் இந்த வாரம் எத்தனை படி தண்ணீருக்கு மேலே தெரிகிறது, ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவர் எத்தனை பேர், நின்றவர் எத்தனை, தொங்கியவர் எத்தனை, தெற்கு வாசல் கடைத்தெருவில் எத்தனை கடைகள் கைமாறின என்று எழுதினேன். இதையும் படிக்க ஆள் வந்தார்கள் என்பது எனக்கே வியப்புதான்.

அப்போது வலைப்பூக்கள் கல்யாணச் சத்திரம் போலக் கூட்டமாக இருந்த காலம். நான் பின்தொடர்ந்தவை நூற்றுப் பன்னிரண்டு வரை போயின. எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் உங்கள் பதிவுக்கு வந்து பின்னூட்டம் போட்டால், நீங்களும் அவருடைய பதிவுக்குப் போய் ஒன்று போட வேண்டும். இதற்கு நாங்கள் வைத்த பெயர் 'மொய்'. மொய் வைக்காதவரை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் யாரும் போக மாட்டார்கள். நூற்றுப் பன்னிரண்டு வீட்டுக்கு மொய் வைப்பதென்றால் எவனும் உட்கார்ந்து படிக்க முடியாது. 'அருமை', 'பகிர்வுக்கு நன்றி', ஒரு ஸ்மைலி, அவ்வளவுதான். ஒருவர் தன் தாயார் இறந்ததை எழுதியிருந்தார். அதற்குக் கீழே வரிசையாக மூன்று பேர் 'அருமை, தொடருங்கள்' என்று போட்டிருந்ததைப் பார்த்த அன்றுதான் குறைக்க ஆரம்பித்தேன்.

நான் குறைக்கக் குறைக்க, அவர்களும் குறைந்தார்கள். பாதிப் பேர் ஃபேஸ்புக்குக்குப் போனார்கள், மீதிப் பேர் வாட்ஸ்அப்புக்கு. இரண்டு மூன்று பேர் மேலேயே போய்விட்டார்கள். கடைசியில் விடாமல் எழுதிக்கொண்டிருந்தவர்கள் பன்னிரண்டு பேர். என்னையும் சேர்த்தால் பதின்மூன்று. எல்லோரும் எல்லோரையும் படித்தோம். பன்னிரண்டு பேரின் பதிவுகளையும் இரண்டு தடவை படித்து, படித்தேன் என்று தெரிகிற மாதிரி ஒரு பின்னூட்டம் போடுவது என் வழக்கம். இந்த வயதில், கண்புரை அறுவைக்குப் பிறகு, அது சின்ன வேலை இல்லை. ஆனாலும் செய்தேன். இவர்கள் என் மனிதர்கள் என்று நினைத்தேன்.

அந்தப் பன்னிரண்டில் ஒருத்தி புனேயில் இருந்தாள். கும்பகோணத்துப் பக்கத்துப் பெண், கல்யாணமாகிப் போய் அங்கேயே தங்கிவிட்டவள். அவளுடைய முகத்தை நான் பார்த்ததில்லை. படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு டபரா டம்ளர் வைத்திருப்பாள். புனைபெயரும் ஏதோ ஒரு சமையலறைச் சாமான்தான். அடுக்குமாடிக் குடியிருப்பின் லிஃப்டைப் பற்றி, மாமியாரின் மராத்தியைப் பற்றி, பால் பாக்கெட் திருடிய பூனையைப் பற்றி எழுதுவாள். படித்தால் பக்கத்து அறையிலிருந்து யாரோ பேசுவது போல இருக்கும். என்னை 'அண்ணா' என்பாள். உடன்பிறந்தவர்கள் எனக்கு நான்கு பேர், நால்வரும் ஆண்கள். அந்தச் சொல்லை ஒரு பெண்ணின் கையால் வாங்க எனக்கு அறுபது வயதுக்கு மேல் ஆக வேண்டியிருந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவள் ஒரு பதிவு போட்டாள். மிகச் சிறியது. மார்பில் ஒரு கட்டி, நாளைக்கு டெஸ்ட், முடிவு வந்ததும் வந்து எழுதுகிறேன் என்று இருந்தது. அதில் பூனை இல்லை, மாமியார் இல்லை.

மற்றவர்கள் எல்லோரும் 'தைரியமாக இருங்கள்', 'ஒன்றும் ஆகாது', 'பிரார்த்திக்கிறோம்' என்று போட்டார்கள். எனக்கு அந்த வார்த்தைகள் போதவில்லை. ஒன்றும் ஆகாது என்று இவர்களுக்கு எப்படித் தெரியும்? அன்று மத்தியானம் தூங்காமல் உட்கார்ந்து, ஆங்கிலத்தில் இருந்ததையெல்லாம் அகராதி வைத்துக்கொண்டு படித்து, இந்த நோயை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் நூறு பேரில் எத்தனை பேர் பிழைத்து நன்றாக இருக்கிறார்கள் என்ற எண்ணைத் தேடி எடுத்துப் பின்னூட்டமாகப் போட்டேன். பெரிய எண்தான். சந்தோஷப்படத் தக்க எண். அதை இங்கே மறுபடி எழுத மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அந்தப் பதிவே கடைசியாக நின்றுவிட்டது.

வாரம் ஒரு தடவை போய் அதே பதிவின் கீழ் 'நலமா அம்மா?' என்று எழுதினேன். சில வாரம் 'முடிவு என்னவானாலும் சொல்' என்று எழுதினேன். தீபாவளிக்கு வாழ்த்துச் சொன்னேன். பதிலே இல்லாத அந்தப் பக்கத்தில் என் பெயர் மட்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக இறங்கிக்கொண்டே போனது. மின்னஞ்சல் முகவரி என்னிடம் இல்லை. போன் நம்பரும் இல்லை. கோயிலில் தன்வந்திரி சன்னதிக்குப் போய் அவளுக்காக அர்ச்சனை செய்யலாம் என்றால், பட்டர் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். நட்சத்திரம் தெரியாது. பெயரென்று எனக்குத் தெரிந்தது ஒரு பாத்திரத்தின் பெயர். அதைச் சன்னதியில் சொல்லக் கூசினேன். "பெருமாள் பேருக்கே பண்ணிடுங்கோ" என்றேன். அவர் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனார்.

என் வலைப்பூவிலும் கேட்டேன். படித்துறைக் கணக்கின் கடைசியில், புனே தங்கையைப் பற்றி யாருக்காவது தகவல் தெரியுமா, மனம் பதைக்கிறது என்று ஒரு வரி சேர்த்தேன். பதினொரு பேரும் அந்தப் பதிவுக்கு வந்தார்கள். கோயம்புத்தூரில் இருக்கும் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் 'தெரியவில்லையே ஐயா' என்று போட்டார். ஒருவர் 'பிரார்த்திப்போம்' என்றார். பாலக்கரையில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கும் நண்பர், இந்த ஊரிலேயே எனக்குத் தெரிந்த ஒரே பதிவர், 'நல்லாத்தான் இருப்பாங்க சார், கவலைப்படாதீங்க' என்று எழுதினார்.

அவள் இறந்துவிட்டாள் என்று மெல்ல மெல்ல முடிவுக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். பார்த்தே இராத ஒரு பெண்ணுக்காக அவளும் அன்று சாயங்காலம் டி.வி. போடவில்லை.

இந்த வருடம் கோடையில்தான் உண்மை தெரிந்தது.

வலைப்பூ வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனிப் பக்கம் உண்டு. நம் வீட்டுக்கு வருகிறவர்கள் எந்தத் தெரு வழியாக வந்தார்கள் என்று அது காட்டும். தேடுபொறியிலிருந்து எத்தனை பேர், இன்னாருடைய வலைப்பூவிலிருந்து எத்தனை பேர் என்று வரிசையாக இருக்கும். முதல் பத்து வழிகளை மட்டும்தான் அது காட்டும். அதை நான் தினமும் பார்ப்பவன். இந்தக் கோடையில் தேடுபொறி வழியாக வருகிறவர்கள் திடீரென்று குறைந்துவிட்டார்கள். ஏனென்று தெரியவில்லை, யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. கூட்டம் வடிந்ததும், அதுவரை பட்டியலுக்குக் கீழே மறைந்திருந்த சின்ன வழிகள் மேலே வந்தன. ஆற்றில் தண்ணீர் இறங்கினால் படிகள் தெரிவது போலத்தான்.

அதில் ஒரு முகவரி எனக்குத் தெரியாததாக இருந்தது. தெரியாதது என்று சொல்வதும் தவறு. புனே தங்கையின் பழைய முகவரிதான் அது. கடைசியில் மட்டும் ஒரு சொல் கூடியிருந்தது. அங்கிருந்து என் பக்கத்துக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். நான் பதிவு போடும் ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினொரு பேர் வந்திருக்கிறார்கள்.

அதைத் தட்டினேன். வெள்ளைப் பக்கம் ஒன்று வந்தது. இந்த வலைப்பூ அழைக்கப்பட்ட வாசகர்களுக்கு மட்டுமே திறந்திருக்கிறது என்றும், உங்களுக்கு அழைப்பு வரவில்லை என்றும் இருந்தது.

புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அவள் உயிரோடு இருக்கிறாள். வீடு மாறியிருக்கிறாள். புது வீட்டுக்குப் பூட்டுப் போட்டு, வேண்டியவர்களுக்குச் சாவி கொடுத்திருக்கிறாள். வேண்டியவர்கள் யார் என்று கண்டுபிடிக்க எனக்கு அகராதி தேவைப்படவில்லை. என் வலைப்பூவைத் தன் பக்கத்தின் ஓரத்தில், 'நான் படிப்பவை' என்று எல்லோரும் வைப்போமே, அதில் இன்னும் வைத்திருக்கிறாள். அதைத் தட்டித்தான் அவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். அவள் என்னைப் படிக்கலாம், நான் அவளைப் படிக்கக் கூடாது.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

"அப்ப அந்தப் பொண்ணு நல்லா இருக்காளா?"

"அப்படித்தான் தெரியுது."

"அப்பாடா" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சரி, அவ வீடு. அவ இஷ்டப்பட்டவங்களக் கூப்பிடுறா. நம்ம மட்டும் எல்லாரையுமா கூப்பிடுறோம்?"

"பதினொரு பேரைக் கூப்பிட்டிருக்கா. என்னை மட்டும்தான் கூப்பிடல."

"பதினொண்ணுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"எனக்குத் தெரியும்."

"அப்ப நீங்கதான் ஏதாச்சும் சொல்லியிருப்பீங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பில் வைத்ததைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுநாள் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறிப் பாலக்கரையில் இறங்கினேன். பஸ்ஸில் எத்தனை பேர் நின்றார்கள் என்று கவனிக்கவில்லை. நண்பரின் கடை வாசலில் குடங்களும் நாற்காலிகளும் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவர் அவற்றுக்கு நடுவிலிருந்து எழுந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். பதிவர் சந்திப்புகளில் மூன்று தடவை பார்த்திருக்கிறோம்.

"வாங்க சார், வாங்க! இந்த வெயில்லயா வந்தீங்க? ஒரு போன் அடிச்சா நானே வந்திருக்க மாட்டேனா?" ஒரு நாற்காலியை உருவித் துடைத்துப் போட்டார். "என்ன சார், வர்றப்பவே வாளியெல்லாம் எண்ணியிருப்பீங்களே?"

"எண்ணல."

"ஐயையோ, உடம்பு ஏதும் சரியில்லையா?"

அவர் சிரித்தார். நான் அந்த முகவரியைச் சொன்னேன். கடைசியில் கூடியிருந்த சொல்லையும் சேர்த்துச் சொன்னேன். சிரிப்பு நின்றது. அந்த நேரம் பார்த்து ஓர் அம்மா வந்து, மூடி போட்ட பக்கெட் என்ன விலை என்றார். நண்பர் அவருக்கு ஏழு நிறங்களில் பக்கெட் எடுத்துக் காட்டினார். அந்த அம்மா கேட்காத, தண்ணீர் மொள்ளும் மக்கையும் காட்டினார். அந்த அம்மா எதுவும் வாங்காமல் போன பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"நீங்களா கண்டுபிடிச்சீங்களா, யாராச்சும் சொன்னாங்களா சார்?"

"நானாத்தான்."

"அதானே" என்றார்.

"அவ எப்படி இருக்கா?"

"நல்லா இருக்காங்க சார். ஆபரேஷன் முடிஞ்சு, மருந்தெல்லாம் முடிஞ்சு, முடிகூடத் திரும்ப வளந்துடுச்சு. காலைலகூட மாங்காத் தொக்கு பத்தி எழுதியிருந்தாங்க."

மாங்காய்த் தொக்கு. தன்வந்திரி சன்னதியில் நின்று அன்று நான் கேட்டதெல்லாம் இதுதான். அவள் பிழைத்து, ஏதாவது ஊறுகாயைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க வேண்டும் என்பதுதான். கிடைத்துவிட்டது. ஒரு மூச்சு விடும் நேரம் நிம்மதியாக இருந்தேன். அதற்குமேல் அந்த நிம்மதி தங்கவில்லை.

"எனக்கு ஏன் சொல்லல?"

"சார், நீங்க கோவிச்சுக்கக் கூடாது." நாற்காலி அடுக்கின்மேல் கையை வைத்துக்கொண்டார். "அந்தக் கடைசிப் பதிவுல நீங்க ஒரு பின்னூட்டம் போட்டீங்கள்ல. நூத்துல இத்தன பேரு பொழைச்சுடுறாங்கன்னு."

"ஆமா. நல்ல எண்ணுதானே அது? தைரியமா இருக்கட்டும்னு தேடிப் பிடிச்சுப் போட்டேன்."

"நீங்க பொழைச்சவங்களப் போட்டீங்க சார். அவங்க அதைக் கழிச்சு மிச்சத்தப் பாத்திருக்காங்க. டெஸ்டுக்குப் போற வழியெல்லாம் அந்த மிச்சம்தான் கண்ணு முன்னால நின்னுச்சாம். ஆஸ்பத்திரில உக்காந்திருக்கிற பொம்பளைங்கள எண்ண ஆரம்பிச்சுட்டாங்களாம், இதுல மிச்சம் யாரு யாருன்னு."

மிச்சம் உண்டு என்று எனக்குத் தெரியாதா? நூறு என்று எழுதினால் மிச்சம் இருக்கத்தான் செய்யும். பெரியதைப் பார்ப்பாள் என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் பெரியதைத்தானே பார்ப்பார்கள்?

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா அழிச்சிருப்பேனே" என்றேன்.

"நான் சொன்னேன் சார். சார்கிட்ட சொல்லிடலாம்னு சொன்னேன். அவங்கதான் வேணாம்னுட்டாங்க. அண்ணாகிட்ட சொன்னா எத்தன ஊசி, எத்தன நாளுன்னு கேப்பாரு, நல்ல மனசோடதான் கேப்பாரு, ஆனா என்னால பதில் சொல்ல முடியாதுன்னாங்க. உடம்பு முடியாதவங்க. எப்படி சார் எதுத்துப் பேசறது?"

"சரி. முடி வளந்த பிறகு?"

அவர் ரோட்டைப் பார்த்தார். ஒரு ஷேர் ஆட்டோ நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு போனது.

"அப்புறம்... அது அப்படியே பழகிடுச்சு சார்."

அவர் சொன்னதில் இதுதான் உண்மை என்று நினைக்கிறேன். மற்றவற்றுக்கெல்லாம் காரணம் இருந்தது. இதற்கு மட்டும் காரணம் இல்லை.

"அங்க என்னைப் பத்திப் பேசுவீங்களா?"

"சும்மா... எப்பவாச்சும். கணக்கு சார் இன்னிக்கு என்ன எண்ணியிருக்காருன்னு கேட்டுக்குவோம்."

"சிரிப்பீங்களா?"

"சிரிப்போம் சார்" என்றார், பொய் சொல்ல வராதவர் போல. "நீங்க எழுதுறதும் சிரிப்பாத்தானே இருக்கும். அன்னிக்கு பஸ்ல தொங்கினவரோட காலை எண்ணி ரெண்டால வகுத்தேன்னு எழுதியிருந்தீங்களே, அதுக்கு அவங்க வயித்தப் புடிச்சுக்கிட்டு சிரிச்சேன்னு எழுதினாங்க. தையல் பிரிஞ்சுடும் போல இருந்துச்சாம்."

பிறகு தன் போனை எடுத்து எதையோ திறந்து என்னிடம் நீட்டினார். "இந்தாங்க சார், நீங்களே பாருங்க. தொக்கு போட்டோகூட இருக்கு."

நான் வாங்கவில்லை. கூப்பிடாத வீட்டு ஜன்னலில் எட்டிப் பார்க்கவா பாலக்கரை வரை வந்தேன்? எழுந்துவிட்டேன். கூடவே பஸ் ஸ்டாப் வரை வந்தார். வீட்டுக்கு ஒரு மக்காவது எடுத்துக்கொண்டு போங்கள் என்று கையில் திணிக்கப் பார்த்தார். அதையும் வாங்கவில்லை.

வீட்டுக்கு வந்து, தகவல் கேட்டு நான் போட்ட அந்தப் பழைய பதிவை எடுத்தேன். பதினொரு பதில்களையும் படித்தேன். 'தெரியவில்லையே ஐயா.' அதை எழுதிய வங்கிக்காரர் அன்று காலைதான் அவளுடைய புது வீட்டில் உட்கார்ந்து நலம் விசாரித்துவிட்டு வந்திருப்பார். 'பிரார்த்திப்போம்.' இதை எழுதியவருக்குக் கை கூசவில்லையா? பாலக்கரைக்காரர் ஒருவர்தான் பரவாயில்லை. நல்லாத்தான் இருப்பாங்க என்றார். அவருக்குத் தெரிந்த உண்மையையே கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொடுத்திருக்கிறார். அப்போது அதை வெறும் ஆறுதல் என்று நினைத்துக் கடந்துவிட்டேன்.

அதோடு நின்றிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இந்த இரண்டு வருடத்தில் எனக்கு வந்த பின்னூட்டங்கள் ஐந்நூற்றுக்கு மேல். அத்தனையும் அவளைப் பற்றித் தெரிந்துகொண்டே, நான் அவளைத் தேடுவதையும் பார்த்துக்கொண்டே எழுதப்பட்டவை. எங்கள் துறையில், ஒரு கிராமத்தில் கொடுத்த எண் ஒன்று பொய்யென்று தெரிந்தால், அந்தக் கிராமத்துக் கணக்கு முழுவதையும் அடித்துவிட்டு முதலிலிருந்து எண்ணச் சொல்வார்கள். மாடு அங்கேதான் நிற்கும், மறுபடி போய் எண்ணலாம். இந்த ஐந்நூறை நான் எங்கே போய் மறுபடி எண்ணுவது? எந்த 'அருமை' உண்மையில் அருமை, எது மொய், எது பரிதாபம், எது அங்கே சிரித்துவிட்டு இங்கே வந்து வைத்த பூ என்று எப்படிப் பிரிப்பேன்?

அன்றே பின்னூட்டங்களுக்கு ஒரு தடை வைத்தேன். யார் எழுதினாலும் முதலில் எனக்கு வரும், நான் விட்டால்தான் பக்கத்தில் தெரியும் என்ற ஏற்பாடு. அந்த வாரமும் படித்துறைக் கணக்கைப் போட்டேன். நடந்ததைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. பாலக்கரைக்காரர் தவிர மற்ற பத்துப் பேரும் வழக்கம் போல வந்தார்கள். அருமை ஐயா. பயனுள்ள தகவல். இந்த வெயிலிலும் போய் எண்ணுகிறீர்களே, வணங்குகிறேன். ஒன்றையும் வெளியே விடவில்லை.

பதினோராவதாக டபரா டம்ளர் வந்தது.

'அண்ணா, கடைக்காரர் சொன்னார். நான் நன்றாக இருக்கிறேன். பழைய பக்கத்தில் நீங்கள் எழுதியதெல்லாம் எனக்கு மெயிலில் வரும். ஒன்று விடாமல் படித்தேன். பதில் எழுத உட்கார்ந்து எழுந்துவிடுவேன். அப்புறம் நாளாக ஆக எப்படி ஆரம்பிப்பது என்றே தெரியவில்லை. உங்கள் படித்துறையை ஒரு வாரம்கூட நான் தவறவிட்டதில்லை. அழைப்பு அனுப்பட்டுமா?'

மனைவியிடம் படித்துக் காட்டினேன். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அனுப்பச் சொல்லுங்களேன். அவளே இறங்கி வந்து கேக்கறா."

"மாட்டிக்கிட்ட பிறகு கேக்கறா."

"மாட்டிக்காம யாரு கேட்டா இந்த உலகத்துல?" என்றாள். "நீங்க அவ செத்துட்டான்னு நினைச்சு ஒரு வாரம் சரியாச் சாப்பிடல. இப்ப உயிரோட வந்து நிக்கிறா. அதுக்கும் மூஞ்சத் தூக்கி வச்சுக்கிட்டா எப்படிங்க?"

"அதனாலதான் தூக்கி வச்சுக்கிறேன்."

கத்தியின் சத்தம் கொஞ்சம் வேகமாகக் கேட்டது.

மற்ற பத்தையும் அப்படியே நிறுத்திவிட்டு, அவளுடைய பின்னூட்டத்தை மட்டும் வெளியே விட்டேன். எனக்குத் தெரிந்துவிட்டது என்று பத்துப் பேருக்கும் அதைப் பார்த்தால் புரியும். அவர்கள் எழுதியது எதுவும் வெளியே வரவில்லை என்பதும் புரியும். புரிந்திருக்கிறது. அதற்குப் பிறகு நான் போட்ட பதிவுகளுக்கு ஒருவரும் வரவில்லை. விளக்கம் சொல்லவோ திட்டவோகூட யாரும் வரவில்லை. நானும் அவர்களைப் பின்தொடர்வதை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். பாலக்கரைக்காரருடையது கடைசியாக வந்தது. அதை மட்டும் ஒரு நாள் தள்ளிப் போட்டு நிறுத்தினேன்.

அவளுக்கு ஒரு பதில் எழுத வேண்டியிருந்தது. என்னென்னவோ எழுதி அழித்தேன். ஒன்றில் பட்டர் பெயர் கேட்டதைக்கூட எழுதியிருந்தேன். கடைசியில் ஒரே வரிதான் போட்டேன்.

'தங்கள் வருகைக்கும் கருத்துக்கும் நன்றி.'

யாரென்று தெரியாத ஒருவர் முதல் தடவையாக நம் பக்கத்துக்கு வந்து ஏதாவது சொன்னால், மரியாதைக்கு நாங்கள் எல்லோரும் எழுதும் வரி அது. அவளும் ஆயிரம் பேருக்கு எழுதியிருப்பாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என்ன எழுதினீர்கள் என்று மனைவி கேட்டாள். சொன்னேன். அவளுக்கு அதில் தவறாக எதுவும் தெரியவில்லை. "நல்லபடியாத்தான் எழுதியிருக்கீங்க" என்றாள்.

அழைப்பு அனுப்பட்டுமா என்று அவள் கேட்டதற்கு அது பதில் இல்லை. வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இன்னொரு தடவை கேட்டால் என்ன சொல்வேன் என்று எனக்குத் தெரியும். காலையில் காபி குடித்ததும் முதல் வேலையாக மெயிலைத் திறந்து பார்க்கிறேன். இன்றைக்கும் பார்த்தேன். அவள் கேட்கவில்லை.